ஃபைபர் படகின் டிரான்சம்: விரிசலைப் பூசி மறைத்துவிடாதீர்கள்

அவுட்போர்டு எஞ்சின் தொங்கும் பின்சுவர்தான் டிரான்சம். வெளியே பார்த்தால் முழுக்க ஃபைபர் போலத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான சிறிய படகுகளில் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பிளைவுட் இருக்கிறது. தோல்களும் மரமும் ஒட்டிக்கொண்டிருக்கும் வரைதான் அந்தச் சுவருக்கு வலு. மரம் ஊறி மக்கினால் ஒட்டு விடும். எஞ்சின் தள்ளும் விசை முழுவதும் அப்போது மெல்லிய தோல்மேல் விழுகிறது.

இதை மறந்துவிட்டு, விரிசல் தெரிந்ததும் புட்டி பூசித் தேய்த்து வண்ணம் அடித்துவிடுகிறார்கள். மயிரிழை விரிசல் சில சமயம் ஜெல்கோட்டோடு, அதாவது வெளிப்புறப் பளபளப்புப் பூச்சோடு, நின்றிருக்கும், உண்மைதான். ஆனால் எஞ்சின் உட்காரும் வெட்டின் மூலைகளிலோ அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட் ஓரமாகவோ விரிசல் இருந்தாலும், போல்ட் அடியில் பழுப்பு நீர் கசிந்தாலும் உள்ளே பார்க்காமல் விடக்கூடாது.

முதலில் எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் மெதுவாக அழுத்துங்கள். டிரான்சத்தின் மேல்விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தால் அந்தப் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். அப்புறம் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், ஊறிய இடம் மந்தமாக ஒலிக்கும். தட்டலை மட்டும் நம்பி நிறுத்திவிடுவதும் தவறுதான், ஏனென்றால் தோல் கனமாக இருந்தால் ஒலி ஏமாற்றும். உட்பக்கமிருந்து 4 அல்லது 5 மி.மீ. துளை போடுங்கள், வெளித்தோலைத் தாண்டாதபடி டிரில் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் கீழேதான் தங்கும் என்பதால் வடிகால் துளையைச் சுற்றியும் அடிமூலைகளிலும் கட்டாயம் பாருங்கள். துருவல் வெளிறி உலர்ந்து வந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் மரம் போய்விட்டது.

அந்த நிலையிலும் பலர் குறுக்குவழி தேடுகிறார்கள்: வரிசையாகத் துளை போட்டு, சூடு காட்டி, நீர்த்த எபாக்சியை (இறுக்கி கலந்தால் கெட்டியாகும் பிசின்) ஊற்றுவது. ஈர மரத்தில் எபாக்சி சரியாகப் பிடிக்காது, உள்ளே வெகுதூரம் ஊறவும் ஊறாது. மக்கிய நாருக்கு அது பழைய வலுவைத் தராது. என் கருத்தில் இது செலவைத் தள்ளிப்போடும் வேலைதான். மரத்தை வெட்டி எடுத்துப் புதிது வைப்பதே சரி.

வெட்டும் முன் படகின் உடலுக்கு நன்றாக முட்டுக் கொடுங்கள். டிரான்சம் இல்லாத உடல் விரிந்து கோணிக்கொள்ளும். எஞ்சின் உயரமும் சாய்வும் மாறாமலிருக்க அட்டையில் அச்சு எடுத்து வையுங்கள். தோலை ஓரம்வரை அறுத்துவிடாமல் சுற்றிலும் ஒரு விளிம்பு விட்டால்தான் புதுத் தோல் பிடிக்க இடம் கிடைக்கும். அந்த விளிம்பைச் சுமார் 12-க்கு 1 சரிவில் தேய்க்க வேண்டும். 6 மி.மீ. தடிமனுள்ள தோலுக்கு 72 மி.மீ. அகலச் சரிவு என்றால் அதிகமாகத் தோன்றும், ஆனால் ஒட்டின் வலு அங்கேதான் இருக்கிறது. கண்ணாடித் தூசிக்கு முகக்கவசம் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. படகின் அடியில் நீளவாக்கில் ஓடி டிரான்சத்தைத் தொடும் தாங்கு கட்டைகளையும் இப்போதே சோதித்துவிடுங்கள்.

ஒட்டும்போது பாலியெஸ்டர் ரெசினைவிட (பிசின்) எபாக்சி மரத்தையும் பழைய ஃபைபரையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாதாரண நறுக்கிழை மேட்டை (நறுக்கிய கண்ணாடி இழைகளை ஒட்டிய விரிப்பு) எபாக்சியோடு சேர்க்காதீர்கள். அதன் பிணைப்புப் பொருள் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில்தான் கரையும். தைத்த அல்லது நெய்த துணியே பொருந்தும். முந்தைய அடுக்கு இறுகிவிட்டால் அதன்மேல் படியும் மெழுகுப் படலத்தைத் தண்ணீர்விட்டுக் கழுவி, தேய்த்த பிறகே அடுத்த அடுக்கு. கிளாம்பை உயிரைக் கொடுத்து முறுக்கினால் ரெசின் எல்லாம் பிதுங்கி வெளியேறி ஒட்டுக்கு ரெசின் போதாமல் போகும். ஓரங்களில் சீராகக் கசிந்தால் அதுவே போதும்.

கடைசியாக போல்ட் துளைகள். மரம் அழுகத் தொடங்குவதே பெரும்பாலும் இங்கேதான். நேராகத் துளைத்துப் பூட்டாமல், கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, இறுகியதும் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. நீர்மட்டத்துக்குக் கீழே பாலியூரிதேன் சீலன்ட் போடுங்கள். ஆழமானியின் உணரிக்குப் புதுத் துளை எதற்கு? ஒரு பிளாஸ்டிக் பலகையை டிரான்சத்தில் ஒட்டி, திருகுகள் அதைத் தாண்டாதபடி அதன்மேல் பொருத்திக்கொள்ளலாம்.