பாதியில் நிற்கிற புத்தகத்தைப் பற்றிப் பேச ஆள் சேர்ப்பது எப்படி

எல்லாரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம். சென்னையிலிருந்து பன்னிரண்டு பிரதி வரவழைத்து, அது வந்து சேர ஒன்றரை மாதம் காத்திருந்து, கடைசியில் படித்துவிட்டு வந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் படிக்காத குற்ற உணர்ச்சியிலேயே வரவில்லை. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர், ஈப்போ தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கிறவர், மூன்று பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்குகிற அக்கா, இவர்களிடம் போய் மாதக் கடைசிக்குள் முன்னூறு பக்கம் முடியுங்கள் என்றால் யார் வருவார்கள்?

அதனால் இப்போது ஒரே நிபந்தனைதான்: கையில் என்ன புத்தகம் ஓடிக்கொண்டிருக்கிறதோ அதை எடுத்து வாருங்கள், எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்களோ அங்கிருந்து பேசுங்கள். முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் நம் ஆட்கள் மேடைப் பேச்சுக்குப் போய்விடுவார்கள். பாதியில் நிற்கிற புத்தகத்தில் அது முடியாது. கதை எங்கே போகிறதென்று அவருக்கே தெரியாதே.

இடம் பெரிய விஷயமில்லை, ஆனால் மண்டபம் வேண்டாம், மைக் வேண்டவே வேண்டாம். மைக்கைக் கொடுத்தால் "அவையோருக்கு வணக்கம்" என்றுதான் வாய் திறக்கும். மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், முயன்று பார்த்தோம், பந்து விளையாட்டு நாளில் ஒரு வார்த்தை காதில் விழாது. இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு ஒன்றில், காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு அந்த முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறோம். ஞாயிறு நாலு மணி, ஆறரைக்குக் கலைந்துவிட வேண்டும். கோயில் திருவிழா மாதத்தில் கூட்டம் வைத்தால் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

கேள்வி எப்படிக் கேட்பது என்பதுதான் முக்கியம். "புத்தகம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. "எத்தனையாவது பக்கம்?" என்று கேளுங்கள். ஒருவர் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டை அடையாளமாக வைத்திருப்பார், ஒருவர் பக்கத்தின் காதை மடித்திருப்பார், எதுவானாலும் புத்தகம் திறந்துவிடும். அப்புறம் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால் ஆள் தானாகப் பேசுவார். கடைசியாக, மேலே படிப்பீர்களா மாட்டீர்களா. கருத்து முழுக்க அந்தப் பதிலில்தான் இருக்கும்.

ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன். கிளினிக்கில் வேலை செய்கிற ஒரு தங்கை தோட்ட வாழ்க்கையைப் பற்றிய ஒரு நாவலோடு வந்திருந்தார். அவர் நின்றது 63ஆம் பக்கத்தில். அதில் கதாநாயகி காலை பத்து மணிக்கு மேல் உளியை எடுத்துக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறாள். பேரனுக்குத் துணையாக வந்து தே ஓ (பால் சேர்க்காத தேத்தண்ணி) குடித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "பத்து மணிக்கு வெட்டினா மங்குல பால் எங்கம்மா விழும்?" என்று கேட்டுவிட்டார். அவர் முப்பது வருசம் பால் வெட்டியவர். விடியும் முன்னே நிறைக்கு, அதாவது தன் வரிசை மரங்களுக்கு, போனதையும், வெயில் ஏற ஏற மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடுவதையும் சொல்லி, கரண்டியை எடுத்து எங்கள் வீட்டுத் தூணில் இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிவாக இழுத்துக் காட்டினார். பட்டையைத் தாண்டி உள்ளே கட்டையில் உளி பட்டுவிட்டால் மரம் புண்ணாகிவிடும், கங்காணி வந்து ஏசுவார், அதையும் சேர்த்துச் சொன்னார்.

தங்கைக்கு முகம் வாடிவிட்டது. எழுத்தாளருக்குத் தோட்டமே தெரியாது போலிருக்கிறது என்றார் ஒருவர். அதற்குள் பாட்டியே, "மழை பேஞ்சு மரம் நனஞ்சிருந்தா காயுற வரைக்கும் உக்காந்திருப்போம், அன்னிக்கு லேட்டாத்தான் வெட்டு" என்றார். தங்கை பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். 58ஆம் பக்கத்தில், ஒரே வரியில், ராத்திரி முழுக்கத் தகரக் கூரையில் மழை. அவர் அதைத் தாண்டிப் போயிருந்தார். நாங்களும் அவசரப்பட்டு எழுத்தாளரைத் தூக்கி எறிந்திருந்தோம். அன்றைக்கு வேறு யாரும் பேசவில்லை, நேரமே இல்லை. இப்படி ஒரு நாள் அமைந்தால் விட்டுவிடுங்கள், எல்லாருக்கும் சமமாக நேரம் பங்கு போடுகிறேன் என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

அதே புத்தகத்தை ஏற்கெனவே முடித்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு முடிவைச் சொல்ல நாக்கு துடிக்கும். தேத்தண்ணி ஊற்றுகிற வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வரலாற்றுப் புத்தகம் வந்தால் கொஞ்சம் கவனம், அதுவும் எங்கள் ஊரில். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டுத்தான், கம்யூனிஸ்டுகளை எதிர்த்து ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலமே பிறந்தது, அது 1960 வரை நீடித்தது. அதைப் பற்றி ஒருவர் படிக்க ஆரம்பித்தால் ஐந்து பேருக்கு ஐந்து தாத்தா, ஐந்து கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் புத்தகம் காணாமல் போய்விடும். நாங்கள் செய்வது இதுதான்: "இது புத்தகத்தில் இருக்கா, வீட்டில் கேட்டதா?" என்று நடுநடுவே கேட்போம். இரண்டும் ஒத்துப்போகாத இடம்தான் பேச வேண்டிய இடம்.

பாதியில் விட்டுவிட்டேன் என்று சொல்லவும் உரிமை உண்டு, ஆனால் எந்தப் பக்கத்தில் என்று சொல்ல வேண்டும். சயாம் மரண ரயிலைப் பற்றிய ஒரு நாவலை ஓர் ஐயா 112ஆம் பக்கத்தில் மூடிவிட்டார். 1942, 43இல் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு அவருடைய பெரியப்பா தோட்டத்திலிருந்து போனவர், திரும்பவில்லை. அதற்கு மேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

உள்ளூர் எழுத்தாளர் புத்தகம்தான் பெரிய தலைவலி. வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தி, உறையில் பணம் வைத்து முதல் நூல் வாங்கியவர்கள் பலர் அதைப் பிரித்திருக்கவே மாட்டார்கள். எழுதியவர் யாருக்கோ மாமாவாகவும் இருப்பார். அதனால் ஆளைப் பேசாமல் பக்கத்தைப் பேசுங்கள், "இந்த இடத்தில் எனக்குத் தூக்கம் வந்தது" என்று சொல்வதில் தப்பில்லை. எழுத்தாளரை அன்றைக்குக் கூப்பிடாதீர்கள். அவர் உட்கார்ந்திருந்தால் ஒருவரும் உண்மை பேச மாட்டார்கள்.

இளசுகள் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் படிப்பார்கள். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது, அதோடு தமிழ்ப் புத்தகத்தை மூடியவர்கள் எங்கள் கூட்டத்திலேயே பாதிப் பேர். எந்த மொழியில் வேண்டுமானாலும் படிக்கட்டும், வந்து தமிழில் சொல்லட்டும், சொல்லும்போது நடுவில் புகுந்து ல, ள திருத்தாதீர்கள். திருத்திய மாதத்திலிருந்து ஒரு பையன் வரவே இல்லை. திருத்தியது நான்தான்.

புலனக் (வாட்ஸ்அப்) குழு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், பக்க எண்ணும் ஒரு நிமிடக் குரல் பதிவும் போதும். காலை வணக்கப் படம், முழுப் புத்தக பிடிஎஃப் இரண்டுக்கும் தடை. புத்தகம் வாங்கினால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கு 2,500 வெள்ளி (ரிங்கிட்) வரை கிடைக்கிற விலக்கில் புத்தகமும் சேரும்.

கடைசியாக, மளிகைக் கடையில் கடன் எழுதுகிற 555 நோட்டு ஒன்று வாங்குங்கள். பெயர், புத்தகம், பக்கம். வேறு எதுவும் எழுத வேண்டாம். எங்கள் நோட்டில் லோரி ஓட்டுகிற ஓர் அண்ணன் பெயருக்கு நேரே ஐந்து மாதமாக 41 என்றே இருக்கிறது. ஆனால் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை, போன மாதம் அந்த 41ஆம் பக்கத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.