விலை குறைந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் காசை வீணாக்கும் தவறுகள்

சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன், மாஸ்பெர்க் பேட்ரியாட் மாதிரி, ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து மூட வேண்டிய ஒரு மலிவு ரைஃபிளை வாங்கிய கையோடு பலர் செய்கிற முதல் வேலை, புது ஸ்டாக் (துப்பாக்கியின் கட்டை), புது ட்ரிக்கர் (விசை), புது குழல் என்று தேட ஆரம்பிப்பதுதான். துப்பாக்கியின் விலைக்கு மேலேயே உதிரி பாகங்களுக்குப் போய்விடும். கடைசியில் குறி முன்பு இருந்த இடத்திலேயே நிற்கும், ஏனென்றால் கெட்டுப்போயிருந்தது வேறு ஏதோ ஒன்று.

(இது அமெரிக்காவிலோ கனடாவிலோ முறையாக உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிற நம்மவர்களுக்காக எழுதுவது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இந்தப் பேச்சுக்கே இடமில்லை.)

முதலில் இந்த ரைஃபிள்கள் ஏன் மலிவு என்பது புரிய வேண்டும். குழலில் கஞ்சத்தனம் செய்து விலையைக் குறைக்கவில்லை. சாவேஜ் கம்பெனிக்காக நிக்கோலஸ் ப்ரூவர் வடிவமைத்த 110 என்ற மாடல் 1958 இல் வந்தது. அதில் குழலை ரிசீவரில் (போல்ட் ஓடுகிற உலோக உடலில்) திருகி, ஒரு பெரிய நட்டு போட்டு இறுக்கிவிடுவார்கள். தோட்டா அறைக்குள் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்ற அளவை, அதாவது ஹெட்ஸ்பேஸை, கேஜ் வைத்துப் பார்த்து நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. தேர்ந்த கைவினைஞர் உட்கார்ந்து அரம் போட்டுப் பொருத்தத் தேவையில்லை. ஆக்சிஸும் அதே வழியில் வந்ததுதான். மிச்சம் பிடித்தது பிளாஸ்டிக் ஸ்டாக்கில், தோட்டாக்களை அடுக்கும் மேகசினில், மேல்பூச்சில், கூடவே கட்டிக் கொடுக்கிற ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்). அதனால் நல்ல குழல் ஏற்கனவே உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

மிகப் பெரிய தவறு ஸ்கோப் மாட்டுவதில் நடக்கிறது. "குறி அலைகிறது, குழல் சரியில்லை" என்று புலம்புகிறவர்களின் ரைஃபிளை வாங்கி ஸ்கோப்பைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். கடையில் மாட்டித் தந்தார்கள் என்பதற்காக நம்ப வேண்டாம், கழற்றிவிட்டு முதலிலிருந்து மாட்டுங்கள். ரிசீவரின் திருகு ஓட்டைகளில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும், அதை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டுத்தான் பேஸை, அதாவது ஸ்கோப்பைத் தாங்கும் அடிப்பட்டையை, திருக வேண்டும். எண்ணெயோடு திருகினால் நான்கு பெட்டி தோட்டா சுடுவதற்குள் தளர்ந்துவிடும். முன் பேஸின் திருகு கொஞ்சம் நீளமாக இருந்தால் உள்ளே போய் போல்ட்டையோ குழலின் மரையையோ இடிக்கும். பேஸ் மாட்டுவதற்கு முன் வழுக்கிக்கொண்டு மூடிய போல்ட், மாட்டிய பிறகு பிடிக்கிறது என்றால் காரணம் அதுதான், பலவந்தமாக மூடாதீர்கள்.

ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கிற ரிங் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 20 இஞ்ச்-பவுண்டு போதும். கையளவில் இறுக்குகிறவர்கள் அநேகமாக எல்லாருமே அதிகமாகத்தான் இறுக்குகிறார்கள், அப்புறம் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி உருப்பெருக்க வளையம் கடினமாகச் சுற்றும், உள்ளே இருக்கும் லென்ஸ் தொகுதி சரியாக நகராது, பழி ரைஃபிள் மேல் விழும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டுகிற சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். இந்த ரைஃபிளுக்காக நீங்கள் செய்யும் மிக உருப்படியான செலவு அதுதான். ஸ்கோப்பை எவ்வளவு முன்னாலோ பின்னாலோ வைப்பது என்பதை வேட்டைக்குப் போடுகிற அதே கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு பாருங்கள். டீ-ஷர்ட்டில் சரியாக இருந்தது கோட்டில் அரை அங்குலத்துக்கு மேல் தள்ளிப்போகும், அதைச் சரிக்கட்டத் தலையை முன்னால் நீட்டினால், பலமாகப் பின்னுக்கு உதைக்கிற ரைஃபிளின் ஸ்கோப் புருவத்தைக் கிழித்துவிடும்.

அடுத்தது, மூன்று தோட்டாவில் தீர்ப்பு சொல்வது. மூன்றும் ஒரு அங்குலத்துக்குள் விழுந்தால் "என் ரைஃபிள் ஒரு அங்குலம்", மறுநாள் இரண்டரை அங்குலம் விழுந்தால் "கெட்டுப்போச்சு". இரண்டுமே அவசர முடிவு. மூன்று ஓட்டையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஐந்தாகச் சுடுங்கள், அதையும் வேறு வேறு நாளில் இரண்டு மூன்று முறை சுட்டுச் சேர்த்துப் பாருங்கள். இந்த ரைஃபிள்களின் குழல் மெல்லியது, சீக்கிரம் சூடேறும், சூடேறினால் சில குழல்களில் குறி மெல்ல ஒரு பக்கமாக ஏறும். அதைத் துரத்திக்கொண்டு ஸ்கோப்பின் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தால் நாள் முழுக்கத் திருப்ப வேண்டியதுதான். தொட்டால் சுடுகிறது என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். காட்டில் உங்களுக்குத் தேவைப்படுவது குளிர்ந்த குழலின் முதல் தோட்டா, அது எங்கே விழுகிறது என்பதைத் தனியாகக் குறித்து வைப்பவர்கள் மிகக் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மானின் நெஞ்சுப் பகுதியில் குறி வைக்கிற இடம் ஏறக்குறைய எட்டு அங்குலம். 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் அடிக்கிற ரைஃபிள் 200 கஜத்தில் மூன்று அங்குலத்துக்குள் அடிக்கும். வேட்டைக்கு அது தாராளம். அதற்கு மேல் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்பதற்காகச் செலவழிக்கிற பணத்தைத் தோட்டாவுக்குப் போடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. .308 காலிபர் ரைஃபிள் வாங்கியிருந்தால் 150, 165, 180 கிரெயின் (குண்டின் எடை) என்று மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி சுட்டுப் பாருங்கள். ஒரே ரைஃபிளில் ஒரு வகை ஒன்றேகால் அங்குலமும் இன்னொன்று மூன்று அங்குலமும் போவது சாதாரணம். பிடித்த வகை கிடைத்ததும் பெட்டி மேல் அச்சிட்ட லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஒன்றாக இருக்கிற மாதிரி ஐந்தாறு பெட்டி வாங்கி வைத்துவிடுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்டாக்கையும் ஸ்கோப்பையும் தோட்டாவையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு, குறி தேறினாலும் சரி கெட்டாலும் சரி, எதனால் என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஸ்டாக் பற்றிச் சொல்லும் குறை உண்மையானதுதான். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கின் முன்பகுதி வளையும். ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே விட்டு ரிசீவர் வரை இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வரும். அதே நேரம் முன்பகுதியைக் கையால் குழலோடு சேர்த்து அழுத்தினால் நோட்டு சிக்கிக்கொள்ளும். பைபாட் (முன்பகுதியில் மாட்டும் இரண்டு கால் தாங்கி) மேல் சாய்ந்து சுடும்போதும், தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கும்போதும் நடப்பது இதேதான். மேஜையில் மணல் பை மேல் வைத்து அடித்த இடம் ஒன்று, காட்டில் அடிக்கிற இடம் வேறு. உடனே புது ஸ்டாக் வேண்டாம். மணல் பையை மேகசினுக்குப் பக்கமாகக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள், அதிலேயே பலருக்குத் தீர்ந்துவிடுகிறது. குழலை மட்டும் எதன் மேலும் சாய்க்காதீர்கள். மாற்றியே தீருவேன் என்றால், ரிசீவரை எது தாங்குகிறது என்று முதலில் பாருங்கள். ரூகர் அமெரிக்கனில் வி வடிவ உலோகக் கட்டைகள் ஸ்டாக்குக்குள் பதிந்திருக்கின்றன, ரிசீவர் உட்காருவது அவற்றின் மேல்தான். அதற்கு ஈடு செய்யாத ஸ்டாக், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், பின்னடைவுதான்.

ட்ரிக்கரில் விளையாடுவதுதான் ஆபத்தானது. பழைய ஆக்சிஸின் ட்ரிக்கர் கனமானது, திருகி மாற்றவும் வழியில்லை, எரிச்சல் வருவது நியாயம். ஆனால் ஸ்பிரிங்கை வெட்டிச் சின்னதாக்குவது, சியர் பரப்பை உப்புத்தாளால் தேய்ப்பது என்று காணொளி பார்த்துச் செய்கிறார்கள். சியர் என்பது தோட்டாவை வெடிக்க வைக்கிற ஊசியான ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்துகிற சின்ன விளிம்பு. அதன் கோணம் மயிரிழை மாறினாலும் போல்ட்டை ஓங்கி மூடும்போதோ துப்பாக்கி கீழே விழும்போதோ தானாக வெடிக்கலாம். தொழிற்சாலையிலேயே இது தவறும்: 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிக்கர் பொருத்திய மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களை ரெமிங்டன் 2014 இல் திரும்ப அழைத்தது, காரணம் பாகங்களைப் பொருத்தும்போது தேவைக்கு மேல் ஒட்டிய பசை. ஆக்சிஸ் டூவின் அக்யூட்ரிக்கரிலும் ரூகரின் மார்க்ஸ்மன் ட்ரிக்கரிலும் கம்பெனியே திருகி மாற்ற இடம் வைத்திருக்கிறது, ரூகரில் இழுக்கும் விசையை 3 முதல் 5 பவுண்டு வரை. அந்த எல்லைக்குள் நில்லுங்கள், மீதியைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். எதை மாற்றினாலும் அறையும் மேகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, போல்ட்டை வேகமாக மூடி, சேஃப்டியைப் போட்டு எடுத்து, பின்கட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஒரு முறை ஃபயரிங் பின் விழுந்தாலும் அந்த ரைஃபிள் மைதானத்துக்குப் போகக்கூடாது.

சுத்தம் செய்வதில் சுருக்கமாக: கம்பியை முன்வாயிலிருந்து விடாதீர்கள், முன்வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி போய்விடும், அறைப் பக்கத்திலிருந்து, கம்பியை நேராக வழிநடத்துகிற கைடு போட்டு விடுங்கள். நன்றாக அடிக்கிற குழலைப் பளபளவென்று தேய்த்துவிட்டு மறுநாள் காலை மானுக்குக் குறி வைப்பதும் தப்பு, சுத்தமான எண்ணெய்க் குழலின் முதல் ஒன்றிரண்டு தோட்டா வேறு இடத்தில் விழும்.

காலிபர் தேர்வுக்கு முன் உங்கள் மாநிலத்தின் வேட்டை விதியைப் படியுங்கள். ஒஹையோவில் ரைஃபிளால் மான் வேட்டையாட 2014 முதல்தான் அனுமதி, அதுவும் நேரான சுவர் கொண்ட தோட்டாவுக்கு மட்டும். கழுத்து குறுகிய .308 அங்கே அந்த வேலைக்கு உதவாது, தள்ளுபடியில் கிடைத்தாலும்.

குளிர் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. போல்ட்டுக்குள் எண்ணெயை ஊற்றாதீர்கள், உறைபனியில் அது கெட்டியாகி ஃபயரிங் பின் மெதுவாக நகரும், தோட்டா வெடிக்காது. உள்ளே துடைத்துக் காய்ந்த நிலையில் விட்டு, லக்கின் (போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் புடைப்பின்) பின்புறம் மட்டும் துளி கிரீஸ் வையுங்கள். வெளியிலிருந்து சூடான வீட்டுக்குள் வந்ததும் ரைஃபிள் வியர்க்கும், அப்படியே பஞ்சுப் பெட்டியில் பூட்டினால் இரண்டு நாளில் துரு ஏறிவிடும். போல்ட்டைக் கழற்றி, பெட்டிக்கு வெளியே வைத்து அறையின் சூட்டுக்கு வரவிட்டு, துடைத்து எண்ணெய் பூசிய பிறகு பூட்டுங்கள்.