பைத்தான் 3-க்கு மாறியதும் சராசரி மாறிப்போனது: என் அனுபவம்

பைத்தான் நிரல்மொழியின் 3-ஆம் பதிப்பு வந்தது 2008 டிசம்பரில். எங்கள் மழையளவு நிரல்களை நான் மாற்றியது 2019 கடைசியில்தான், நாங்கள் பயன்படுத்திய பழைய பதிப்பான பைத்தான் 2.7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிகிறது என்பதால். ஒழுங்காக ஓடுகிற நிரலில் கை வைக்க ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் மனம் வராது. அந்தப் பயம் நியாயமானதுதான்.

பைத்தான் 2 நிரலைப் பைத்தான் 3-க்கு மாற்றித் தரும் 2டு3 (2to3) என்ற கருவி, பிரிண்ட் வரிகளையெல்லாம் திருத்திக் கொடுத்தது. நிரலும் பிழையில்லாமல் ஓடியது. ஆனால் மாதச் சராசரிகள் பழைய அட்டவணையோடு ஒத்துப்போகவில்லை. இரண்டு நாள் தேடினேன். காரணம் வகுத்தல் குறி! முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பைத்தான் 2 தசமத்தை வெட்டிவிடும்; 7/2 என்றால் 3. பைத்தான் 3-இல் அது 3.5. இதை 2டு3 தொடாது, அங்கே வரப்போவது முழு எண்ணா தசம எண்ணா என்று அதற்குத் தெரியாதே.

சரி என்று பழைய நிரலைப் பைத்தான் 2.7-இலேயே -3 என்ற தெரிவோடு ஓட்டினேன். முழு எண் வகுத்தல் நடந்த வரிகளையெல்லாம் எச்சரிக்கையாகக் காட்டியது. மழையைப் பத்துப் பத்து மில்லிமீட்டராகத் தொகுக்கும் வரிகளில் மட்டும், தசமத்தை விட்டுவிட்டு வகுக்கும் // குறியைப் போட்டேன். சராசரி வரிகளை அப்படியே விட்டேன், தவறாக இருந்தது பழைய அட்டவணைதான். அப்புறம் இரண்டு வெளியீட்டையும் ஒப்பிட்டேன். சராசரிப் பத்தி மட்டும் வேறுபட்டது. பழைய அறிக்கையைத் திருத்தி அனுப்பினோம்.