பித்தம் என்று விட்டுவிடாமல் மூளைத்தண்டுப் பக்கவாதத்தை அறிவது எப்படி?

மதுரைப் பக்கத்து வீடுகளில் ஒருவர் திடீரெனத் தலைசுற்றி வாந்தி எடுத்தால், பித்தம் ஏறிவிட்டது என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைப்பது வழக்கம். பல நேரங்களில் அது தானாகவே தணிந்தும் விடுகிறது. ஆனால் மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டில் இரத்த ஓட்டம் தடைபட்டாலும் தொடக்கம் இப்படியே இருக்கக்கூடும். வாய் கோணுவதும் கை விழுவதும் மட்டுமே பக்கவாதம் என்று எண்ணுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

முதலில் அவரை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பிடிமானமின்றி உட்கார முடியாமல் ஒரே பக்கம் சாய்ந்தால், காதுக் கோளாறு என்று சமாதானம் கொள்ளலாகாது. நாக்குக் குழறல், திடீரென்று கரகரத்த குரல், எச்சில் விழுங்கத் திணறல், இரட்டைப் பார்வை, ஒரு கண்ணிமை மட்டும் தொங்குதல், கண்மணிகள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபடுதல், நிற்காத விக்கல் ஆகியவற்றையும் கவனியுங்கள்.

இந்நோய்க்கே உரிய அடையாளம், பாதிப்பு குறுக்காக விழுவதுதான். முகத்துக்குரிய நரம்புகள் மூளைத்தண்டிலிருந்து அதே பக்கம் செல்ல, கைகால்களை இயக்கும் பாதையோ மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில்தான் பக்கம் மாறுகிறது. ஆகவே இடது முகமும் வலது கைகாலும் ஒருசேரப் பாதிக்கப்படலாம். 1895இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வாலன்பர்க் விவரித்த வகையில் கைகால் பலம் பெரும்பாலும் குறையாது. மாறாக, முகத்தின் ஒரு பாதியும் உடலின் எதிர்ப் பாதியும் சூடு, குளிர்ச்சியை உணராது. குளிக்கும்போது இடது தோளில் சுட்ட வெந்நீர் வலது தோளில் உறைக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். குளிர்ந்த நீர் நிரம்பிய எவர்சில்வர் டம்ளரை இரு கன்னங்களிலும் இரு கைகளிலும் மாறிமாறி வைத்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். வெந்நீரால் சோதிக்க வேண்டாம்.

இதில் மிகக் கொடியது, நினைவு தெளிவாக இருந்தும் கைகாலும் வாயும் அசையாத நிலை. மயக்கம் என்று முடிவு கட்டுமுன், “கேட்கிறதா? கேட்டால் மேலே பாருங்கள்” என்று சொல்லிப் பாருங்கள், கண்களை மேலும் கீழும் நகர்த்துவதும் இமைப்பதும் மட்டுமே அவருக்கு எஞ்சியிருக்கக்கூடும்.

ஐயம் எழுந்தவுடன் 108ஐ அழையுங்கள். தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம் என்பதால் அறவே கூடாது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்நேரத்திலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், உசிலம்பட்டியிலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேரும் நேரமும் அதற்குள் அடக்கம். முதல் சி.டி. ஸ்கேனில் மூளைத்தண்டு அடைப்பு தெரியாமல் போவதுண்டு. ஆகவே ஸ்கேன் சரியாக இருக்கிறது என்ற சொல்லைக் கேட்டதும் கிளம்பிவிடாமல், டம்ளரை வைத்துப் பார்த்தபோது எந்தக் கன்னம், எந்தக் கை உணரவில்லை என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.