முகத்தைக் கடைசியாக வரையுங்கள்

கேமுக்குப் பெண் பாத்திரம் வரைய உட்கார்ந்தால், முதலில் அவள் காசை எங்கே வைப்பாள், எதற்குக் கோபப்படுவாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். முகம் உட்பட மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

நான் இப்போது வரைவது கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் ஒருத்தியை. யாரையும் எளிதில் நம்பாதவள். அதனால் சுருக்குப்பை வெளியே தொங்காது. இடுப்பில் செருகி, கயிறு மட்டும் தெரியும். தரை எப்போதும் ஈரம் என்பதால் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருக்கிறாள். (ஓடும்போது துணி காலுக்குள் புகுந்து அனிமேஷனைக் கெடுக்காது, அது நமக்கு லாபம்.) மேலே முழங்கை வரை மடித்த ஆண் சட்டை. மீன் அள்ளும் கையில் வளையல் கிடையாது. கூடை இறங்கியதும் சும்மாடு தோளுக்குப் போய்விடும். சும்மா நிற்கும்போதும் எடைத் தராசைத்தான் பார்ப்பாள். அந்த ஐடில் அனிமேஷனுக்கு நேரம் செலவழியுங்கள், குணம் அங்கேதான் தெரியும்.

பிறகு உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பி, போன் திரை அளவுக்குச் சுருக்குங்கள். கேமில் வரும் அவள் தோழியின் பக்கத்தில் நிறுத்தினால், எது அவள் என்று அடையாளம் தெரிகிறதா? தெரியாவிட்டால் நிறத்தைத் தொடாதீர்கள், வடிவத்தை மாற்றுங்கள்.

போருக்குப் போகிறவளுக்கு வயிறு தெரியும் கவசம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 1986இல் வந்த மெட்ராய்டு வீடியோ கேமின் நாயகி சாமுஸ் உடல் முழுக்கக் கவசத்தோடுதான் சண்டை போட்டாள்.

கடைசியாக, பெயர் சொல்லாமல் படத்தை யாரிடமாவது காட்டி, 'இவளிடம் கடன் கேட்பீர்களா?' என்று கேளுங்கள்.