லிஸ்டில் உள்ள சொற்களை மாற்றும்போது எங்கே சறுக்குகிறோம்?

பைத்தான் என்ற நிரல்மொழியைப் பழகத் தொடங்கியவர்கள் அடிக்கடி முட்டி நிற்கும் இடம் இது: லிஸ்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப் ஓடுகிறது, எரர் எதுவும் இல்லை, ஆனால் லிஸ்ட் அப்படியே இருக்கிறது.

மளிகைச் சாமான் லிஸ்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் வேண்டாத இடைவெளி. ஃபார் லூப் போட்டு, ‘பொருள்’ என்ற வேரியபிளை ஸ்ட்ரிப் செய்து (ஓரத்து இடைவெளியை நீக்கி), வந்ததை மறுபடி ‘பொருள்’ என்பதிலேயே வைக்கிறோம். லூப் முடிந்ததும் பிரிண்ட் செய்தால் இடைவெளி போகவே இல்லை. ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, இருந்த இடத்திலேயே திருத்தப் பைத்தான் விடாது. ஸ்ட்ரிப், ரிப்ளேஸ், அப்பர் எல்லாமே விடையைத் தனியாகத்தான் கையில் கொடுக்கும். ‘பொருள்’ அந்தப் புதியதைப் பிடித்துக்கொண்டது. லிஸ்டுக்குள் பழையதே உட்கார்ந்திருக்கிறது. என்யூமரேட் வைத்து, ஒவ்வொன்றும் எத்தனையாவது இடம் என்று சொல்லும் இன்டெக்ஸையும் வாங்கி, அந்த இடத்தில் புதியதை எழுத வேண்டும். அல்லது சதுர அடைப்புக்குள்ளேயே லூப் எழுதும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் கொண்டு ஒரே வரியில் புது லிஸ்டே செய்துகொள்ளலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், படிக்கச் சுலபம்.

லிஸ்டை வரிசைப்படுத்தும் சார்ட் இதற்கு நேர் எதிர். அது லிஸ்டையே மாற்றிவிட்டு, ‘ஒன்றும் இல்லை’ என்று பொருள்படும் நன் என்பதைத் திருப்பித் தரும். ‘சாமான் = சாமான்.சார்ட்()’ என்று எழுதினீர்களா? லிஸ்ட் போச்சு.

அப்புறம், லூப் ஓடும்போதே ரிமூவ் செய்வது. தக்காளி, வெற்று (எழுத்தே இல்லாத ஸ்ட்ரிங்), வெற்று, வெங்காயம் என்று நான்கு இருக்கின்றன. முதல் வெற்றை நீக்கியதும் மற்றவை ஒரு படி முன்னால் நகர்கின்றன. லூப் அடுத்த எண்ணுக்குப் போய் வெங்காயத்தைப் பார்க்கிறது. இரண்டாவது வெற்று தப்பித்துவிடுகிறது. இங்கேயும் வேண்டியதை மட்டும் பொறுக்கிப் புது லிஸ்ட் செய்வதுதான் நல்லது.

தமிழ்ச் சொற்கள் என்றால் இன்னொரு வம்பு. ‘பால்’ நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. நீளம் சொல்லும் லென் 4 என்கிறது. துணைக்காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. கடைசி எழுத்து என்று நினைத்து வெட்டினால் புள்ளி மட்டும் போய் ‘பால’ நிற்கும். ‘கொத்தமல்லி’யின் ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில், ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும். லிஸ்டில் ஒரு வடிவமும் நாம் கொடுப்பது மற்ற வடிவமுமாக இருக்க ரிமூவ் செய்தால், அப்படி ஒன்று லிஸ்டில் இல்லை என்று வேல்யூஎரர் வரும். எனவே தேடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் வழியாக, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.