வார்டில் ஊட்டச்சத்து ஆபத்தைக் கணிக்கும்போது செய்யக்கூடாதவை

புதிதாக வரும் டயட்டீஷியன்கள் வார்டில் படிவம் நிரப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் முதல் வருடம்தான் ஞாபகம் வருகிறது. கூட்டல் பிசகுவது, கட்டம் மாற்றி டிக் அடிப்பது எல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

ஆளைப் பார்த்து முடிவு கட்டுவது

இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. குடல் ஆபரேஷனுக்கு வந்த ஓர் அம்மா, உயரம் 155 செ.மீ., எடை 63 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு) 26. பூசினாற்போல இருந்தார். ஊட்டச்சத்து ஆபத்துக்கு மதிப்பெண் போடும் மஸ்ட் (MUST) படிவத்தில் பிஎம்ஐக்கு 0 போட்டேன். எடை குறைந்ததா என்று கேட்டதற்கு "தெரியலம்மா" என்றார், அதற்கும் 0 போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் தையல் பிரிந்து புண் ஆறாமல் கிடந்தபோதுதான் மகள் சொன்னாள், நாலு மாதம் முன்பு அம்மா 72 கிலோ என்று. 9 கிலோ போயிருக்கிறது, அதாவது 12.5 சதவீதம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் 10 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்திருந்தால் அந்த ஒன்றுக்கே 2 மதிப்பெண். மொத்தம் 2 வந்தாலே அதிக ஆபத்து. அவர் மோதிரத்தில் நூல் சுற்றியிருந்தது, கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரை ஓடியது. இரண்டையும் நான் பார்த்தேன், என்னவென்று கேட்கவில்லை.

"தெரியாது" என்றால் 0 இல்லை. பழைய எடை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்தீர்களா, பெல்ட்டில் எத்தனை ஓட்டை தள்ளிப் போடுகிறீர்கள், முன்பு எத்தனை இட்லி இப்போது எத்தனை என்று கேளுங்கள், கூட இருப்பவர்களிடமும் கேளுங்கள். பழைய ஓ.பி. சீட்டைப் புரட்டினால் பல நேரம் எடை அதிலேயே இருக்கும்.

வீக்கத்தோடு எடை போட்டு நம்புவது

வயிற்றில் நீர் கோத்த ஈரல் நோயாளிக்கு மெஷின் காட்டுவதில் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. மேல்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து பாருங்கள், 23.5 செ.மீ.க்குக் கீழே என்றால் பிஎம்ஐ பெரும்பாலும் 20க்குக் கீழேதான்.

எழுந்து நிற்க முடியாதவரின் உயரத்தைக் குத்துமதிப்பாக எழுதுவது

முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளந்து, அந்த நீளத்துக்கு உயரம் எவ்வளவு என்று அட்டவணையில் பாருங்கள்.

ஆல்புமினை நம்புவது

வேண்டாம். இரத்தத்தில் இருக்கும் இந்தப் புரதம் தொற்று இருந்தாலே இறங்கிவிடும்.

சேர்த்த அன்றோடு விட்டுவிடுவது

வாரம் ஒரு முறையாவது மறுபடி பாருங்கள். இன்று ஸ்கேன், நாளை எண்டோஸ்கோபி என்று வெறும் வயிற்றோடு வைத்து வைத்தே, நன்றாக வந்தவர்களும் வார்டில் இளைத்துப் போகிறார்கள். சாப்பாட்டுத் தட்டு திரும்பி வரும் நேரத்தில் போய் நில்லுங்கள். கேஸ் ஷீட்டில் "நன்றாகச் சாப்பிடுகிறார்" என்று இருக்கும், தட்டில் சாதம் பரிமாறிய குவியலாகவே இருக்கும், ஓரத்தில் ரசம் ஊற்றிய இடம் மட்டும் லேசாகக் கரைந்திருக்கும்.